பழனிக்கு முதல்முறை நடக்கப் போகிறீர்களா? இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள்

தைப்பூசத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது "நானும் வர்றேன்" என்று சேர்ந்துகொள்கிறவர்கள்தான் பெரும்பாலும் பாதி வழியில் பஸ் பிடிக்கிறார்கள். பக்தியில் குறை ஒன்றும் இல்லை, கால் பழகவில்லை, அவ்வளவுதான். விரதம், மாலை, காவடி முறையெல்லாம் வீட்டுப் பெரியவர்களோ உங்கள் குழுவின் குருசாமியோ சொல்லித் தருவார்கள். நான் இங்கே சொல்வது நடையைப் பற்றி மட்டும்.

முதலில், எங்கிருந்து நடப்பது?

காரைக்குடி பக்கத்து வழி எல்லோருக்கும் தெரிந்ததுதான்: குன்றக்குடி, திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், பழனி. நகரத்தார் காவடிகள் குன்றக்குடியில் கூடிப் புறப்படுவதும் இதே பாதையில்தான். மொத்தம் 160 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடக்குறைய வரும். பழகியவர்களுக்குச் சரி, ஆனால் முதல்முறை போகிறவர் இதைத் தொட வேண்டாம் என்பது என் கருத்து. திண்டுக்கல்லிலிருந்து பழனி சுமார் 60 கிலோமீட்டர், ஒட்டன்சத்திரம் ஏறக்குறைய நடுவில் இருக்கிறது, ஆக இரண்டு நாள் நடை, ஒரு இரவுத் தங்கல். ஓரளவு நடந்து பழக்கம் உள்ளவர் நத்தத்திலிருந்து தொடங்கலாம், நாலு நாள் வைத்துக்கொள்ளுங்கள். ஊரிலிருந்தே நடந்தால்தான் கணக்கு என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு விடுங்கள்.

ஒரு நாளைக்கு எவ்வளவு என்பதை வேகத்தை வைத்துப் போடுங்கள். வெறுங்கையோடு மணிக்கு 5 கிலோமீட்டர் நடக்கிறவர்கூட பை, கூட்டம், மோர்ப் பந்தல் எல்லாம் சேர்ந்தால் மூன்றரைதான் போவார். விடிகாலை 4 மணிக்குக் கிளம்பி 9 மணிக்குள் 16, 17 கிலோமீட்டர், வெயில் முழுக்க ஓய்வு, மறுபடி 4 மணிக்கு மேல் 8, 10 கிலோமீட்டர். ஆக 25 என்பது நல்ல நாள். அதற்கு மேல் என்றால் அடுத்த நாள் உடம்பு அதை வசூலித்துவிடும். திண்டுக்கல் - பழனியில் நாளுக்கு 30 வருமே என்றால், உண்மைதான், இரண்டே நாள் என்பதால் சமாளிக்கலாம். முடியாது என்று தோன்றினால் மூன்று நாளாக்கிக்கொள்ளுங்கள்.

பயிற்சி

பூசம் ஜனவரி கடைசி அல்லது பிப்ரவரி தொடக்கத்தை ஒட்டி வரும். கார்த்திகை பாதியில் நடக்க ஆரம்பித்தால் நேரம் தாராளம். வாரத்தில் நாலு நாள் 4, 5 கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நீளமான நடை: முதல் வாரம் 8, பிறகு 10, 12, 15 என்று ஏற்றி 20 வரை கொண்டுபோங்கள். கடைசி வாரத்துக்கு முந்தைய இரண்டு வாரங்களில் சனி 15, ஞாயிறு 15 என்று அடுத்தடுத்து நடக்க வேண்டும், இதுதான் முக்கியம், ஏனென்றால் ஒரே நாளில் 20 கிலோமீட்டர் யாரும் நடந்துவிடலாம், வலிக்கிற காலோடு மறுநாள் காலை எழுந்து நடப்பதுதான் யாத்திரை. கடைசி வாரம் சும்மா லேசாக நடந்தால் போதும்.

பயிற்சியைத் தார்ச் சாலையில் செய்யுங்கள். பூங்கா மண்ணும் டிரெட்மில்லும் வேறு, தார் வேறு. அப்புறம், யாத்திரைக்குப் போடப்போகும் அதே ஷூ, அதே சாக்ஸ், அதே பை, கூடவே அதே எடையோடு.

பாதம்

நீண்ட நேரம் நடந்தால் பாதம் வீங்கும். அதனால் ஷூ வாங்கச் சாயங்காலம் போங்கள், சாக்ஸ் போட்டுப் பார்த்து, பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிற அளவை எடுங்கள். வழக்கமாக 8 போடுகிறவருக்கு இதில் 9 கூட ஆகலாம். புது ஷூவை யாத்திரை அன்றைக்கு முதல்முறை போடுவது மாதிரி மடத்தனம் வேறில்லை. பருத்திச் சாக்ஸ் வியர்வையைக் குடித்து ஈரமாகவே இருக்கும், ஓட்டக்காரர்கள் போடுகிற செயற்கை இழைச் சாக்ஸ் நல்லது. மூன்று ஜோடி வேண்டும், மதியம் ஒருமுறை மாற்ற.

கொப்புளம் திடீரென்று வருவதில்லை. முதலில் ஓரிடத்தில் சுருக் சுருக்கென்று சூடாக உறுத்தும். அந்த நிமிடமே நில்லுங்கள், "அடுத்த பந்தலில் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போட வேண்டாம். ஷூவைக் கழற்றி, மண்ணைத் தட்டி, பாதத்தைத் துடைத்துக் காயவிட்டு, சிவந்த இடத்தின் மேல் மைக்ரோபோர் டேப்பைச் சுருக்கம் விழாமல் ஒட்டுங்கள். டேப்பின் மூலைகளை வட்டமாக வெட்டிவிட்டால் சாக்ஸில் சிக்கி உரியாது. கொப்புளம் வந்தே விட்டது, சின்னது என்றால் உடைக்காமல் மூடி விடுங்கள். பெரிதாகி நடக்க முடியவில்லை என்றால் மட்டும், கையையும் இடத்தையும் சுத்தம் செய்து, மெடிக்கலில் வாங்கிய புது ஊசியால் ஓரத்தில் ஒன்றிரண்டு இடம் குத்தி நீரை மெதுவாக அமுக்கி எடுத்து, மேல்தோலை உரிக்காமல் கட்டுப்போடுங்கள். ஊசியில் நூல் கோத்து உள்ளே விட்டுவைத்தால் தானே வடிந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். அந்த நூல் வழியாகவே அழுக்கும் உள்ளே போகும், வேண்டாம்.

வெறுங்காலில் நடப்பதாக வேண்டுதல் என்றால் பயிற்சியும் வெறுங்காலில்தான். வெயில் ஏறியதும் தார் கொதிக்கும், சாயங்காலம் வரை நடக்காதீர்கள். மண் ஓரத்துக்கு இறங்கினால் நெருஞ்சியும் கருவேல முள்ளும் இருக்கும், அதனால் ஒரு சிறு சாமணம் பையில் கட்டாயம். சர்க்கரை உள்ளவர்களிடம் நேராகச் சொல்லிவிடுகிறேன்: வெறுங்கால் வேண்டாம். பாதம் மரத்திருந்தால் முள் குத்தியதே தெரியாது. மாத்திரை, இன்சுலின் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள், நடக்கும்போது சர்க்கரை தாழ்ந்துபோகலாம் என்பதால் பாக்கெட்டில் குளுக்கோஸ் இருக்கட்டும், தினமும் ராத்திரி வேறு யாரையாவது உள்ளங்காலைப் பார்க்கச் சொல்லுங்கள்.

தொடை உரசலைப் பற்றி யாரும் வெளியே பேச மாட்டார்கள், ஆனால் பாதிப் பேர் கால் அகட்டி நடப்பது அதனால்தான். கிளம்பும் முன்னும் மதியமும் வாஸ்லின் தடவுங்கள்.

பை

குழுவோடு போனால் சாமான் குட்டியானை வண்டியில் வரும், தோளில் சின்னப் பை போதும். தனியாகப் போகிறவர் உடம்பு எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தூக்க வேண்டாம். ஒரு மாற்றுடை, துண்டு, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், டார்ச், பவர் பேங்க், டேப், வாஸ்லின், உங்கள் மாத்திரைகள், ஆதார் நகல், சில்லறைப் பணம். ஒரு கெட்டிப் போர்வை கண்டிப்பாக வேண்டும், தை மாதப் பனியில் மண்டபத் தரை சில்லென்று இருக்கும்.

சாப்பாடும் தண்ணீரும்

வழி நெடுக அன்னதானம், சுக்கு காபி, மோர், பொங்கல் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள், பட்டினி கிடக்க வாய்ப்பே இல்லை. சிக்கல் அதற்கு நேர்மாறானது. மூன்று பந்தலில் சாப்பிட்டுவிட்டு நடந்தால் வயிறு என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். சூடாக இருப்பதைச் சாப்பிடுங்கள், ரொம்ப நேரம் திறந்து கிடந்த தயிர் சாதத்தை விட்டுவிடுங்கள். தாகம் எடுக்கும் முன்பே ரெண்டு ரெண்டு மடக்காகக் குடியுங்கள், நாள் முழுக்க வெறும் தண்ணீராகவே குடிக்காமல் நடுவில் உப்புப் போட்ட மோரும் எடுங்கள். வயிறு போனால் ஓஆர்எஸ். பாக்கெட் கிடைக்கவில்லை என்றால் சுத்தமான ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, ஸ்பூனைக் குவிக்காமல் மட்டமாக அளந்து போடுங்கள்.

பெண்களுக்கு உண்மையான தொல்லை கழிப்பறைதான். அதற்காகத் தண்ணீர் குடிக்காமல் நடக்கிறவர்கள் நிறைய, அது நீர்க்கடுப்பில் கொண்டுபோய் விடும். பெட்ரோல் பங்க், கல்யாண மண்டபம், அன்னதான முகாம் எங்கெங்கே இருக்கிறது என்று முதல் நாளே மேப்பில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

சாலை

இதில் மட்டும் சமரசம் கிடையாது. கொப்புளம் ஆறிவிடும். பாதயாத்திரைக்கென்று போட்ட நடைபாதை இருக்கிற இடத்தில் அதிலேயே போங்கள், கல் பெயர்ந்து கிடந்தாலும் சாலையை விட அது மேல். இல்லாத இடத்தில், போலீஸ் வேறு மாதிரி சொன்னால் ஒழிய, வலது ஓரமாக, எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரிகிற மாதிரி, ஒருவர் பின் ஒருவராக. பச்சை, காவி வேட்டி எல்லாம் இருட்டில் தெரியவே தெரியாது, அதனால் ஒளிரும் ஸ்டிக்கரை முதுகிலும் பையிலும் ஒட்டுங்கள். காதில் பாட்டு வேண்டாம். அசதியாக இருக்கிறது என்று வெள்ளைக் கோட்டை ஒட்டி உட்காராதீர்கள், படுக்கவே படுக்காதீர்கள், இருபது அடி உள்ளே தள்ளிப் போங்கள். விடிகாலையில் வண்டி ஓட்டுகிறவருக்கும் தூக்கம் வரும். ஏதாவது என்றால் 108.

பழனி வந்த பிறகு

பலரும் திட்டத்தை மலையடிவாரத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். இன்னும் 693 படி இருக்கிறது, பூசக் கூட்டத்தில் மணிக்கணக்கில் வரிசையும் இருக்கிறது. முட்டி பிடித்திருந்தால் படியை விட்டு யானைப் பாதையில் ஏறுங்கள், சரிவாகப் போகும். கூட்டம் உங்களுக்கு ஒத்துவராது என்றால் பூசத்துக்கு மூன்று நாலு நாள் முன்பே போய்ச் சேருகிற மாதிரி தேதியைப் போடுங்கள், முருகன் அங்கேதான் இருப்பார். திரும்பும் வழியையும் முதலிலேயே முடிவுசெய்யுங்கள், பூசத்தன்று சாயங்காலம் பழனி பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு யோசிக்கிற விஷயம் இல்லை அது.

வீட்டுக்கு வந்த மறுநாள் முழுக்கப் படுக்காமல் அரை மணி நேரம் மெதுவாக நடந்தால் பிடிப்பு சீக்கிரம் விடும். கால் நகம் கறுத்திருந்தால் பிடுங்காதீர்கள், விழுவதாக இருந்தால் தானே விழுந்து புதிது முளைக்கும், சில மாதம் ஆகும். கொப்புளத்தைச் சுற்றிச் சிவந்து, வீங்கி, தொட்டால் சூடாக இருந்தால், அல்லது சீழ் வைத்தால், அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.