தீவிர லுகேமியாவின் மரபணு அறிக்கையை வாசிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தீவிர மைலாய்டு லுகேமியா (எலும்பு மஜ்ஜையில் தொடங்கி வேகமாக வளரும் இரத்தப் புற்றுநோய்) உள்ள ஒரு சிறுவனின் எலும்பு மஜ்ஜை அறிக்கையில் ‘குரோமோசோம்கள் 46, மாற்றம் எதுவும் இல்லை’ என்று இருந்தால், வாசிப்பவர் மனம் சற்றே ஆறுதல் கொள்ளும். முதல் தவறு பெரும்பாலும் அங்கேதான் நேர்கிறது. குரோமோசோம் பரிசோதனை என்பது சாயமேற்றிய பட்டைகளை நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்லும் முடிவு. 5ஆம் குரோமோசோமின் நுனியும் 11ஆம் குரோமோசோமின் நுனியும் இடம் மாறி, என்யுபி98, என்எஸ்டி1 ஆகிய மரபணுக்கள் இணைந்துவிடும்போது, மாறிய துண்டுகள் ஒன்றையொன்று ஒத்திருப்பதால் பட்டைகளில் எந்த வேறுபாடும் தெரியாது. வழக்கமான கீமோதெரபிக்கு எளிதில் கட்டுப்படாத இந்த இணைவைக் கண்டறிய குறிப்பிட்ட மரபணுவை ஒளிரும் சாயத்தால் தேடும் ஃபிஷ் பரிசோதனையோ, மரபணுக்களின் ஆர்என்ஏ படிகளை வாசிக்கும் ஆர்என்ஏ வரிசையறிதலோ தேவை.

16ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு தலைகீழாகத் திரும்பியிருக்கிறது என்பதை மட்டும் கேட்டுவிட்டு, ‘அப்படியானால் நல்ல வகை’ என்று முடிவுகட்டுவதும் இதே போன்றதே. சிபிஎஃப்பி, எம்ஒய்ஹெச்11 ஆகிய மரபணுக்கள் இணையும் தலைகீழ் மாற்றம் சிகிச்சைக்கு நன்கு இணங்குவது. ஆனால் கைக்குழந்தைகளுக்கு வரும், இரத்தத் தட்டணுக்களை உருவாக்கும் செல்களில் தோன்றும் மெகாகேரியோபிளாஸ்டிக் வகையில் காணப்படும் சிபிஎஃப்ஏ2டி3, கிளிஸ்2 இணைவும் அதே குரோமோசோமின் தலைகீழ் மாற்றத்தால் வருவதுதான், அது மிகக் கடுமையான நோய்.

‘என்ஜிஎஸ் (பல மரபணுக்களை ஒரே சமயத்தில் வாசிக்கும் பரிசோதனை) பார்த்தாயிற்று, அதில் எல்லாமே வந்துவிடும்’ என்ற நம்பிக்கை இப்போது பரவலாக இருக்கிறது. டிஎன்ஏவை மட்டும் வாசிக்கும் பேனல் (தேர்ந்தெடுத்த மரபணுக்களின் தொகுப்புப் பரிசோதனை), மரபணு இணைவுகளைத் தவறவிடக்கூடும். எஃப்எல்டி3 மரபணுவில் ஒரு பகுதி இரட்டித்து நிற்கும் ஐடிடி மாற்றம் நீளமாக இருந்தால், குறுந்துண்டுகளாக வாசிக்கும் கருவி அதைக் கவனியாமல் விட நேரலாம். ஆகவே அதற்குத் துண்டு நீளத்தை அளக்கும் தனிப் பரிசோதனையையும் செய்வது நல்லது. இதில் காலமும் முக்கியம். எஃப்எல்டி3, என்பிஎம்1, ஐடிஹெச்1, ஐடிஹெச்2 ஆகியவற்றின் முடிவு 3 முதல் 5 நாட்களுக்குள் கிடைக்க வேண்டும் என்பது ஐரோப்பிய லுகேமியா கூட்டமைப்பின் 2022ஆம் ஆண்டுப் பரிந்துரை. முழுப் பேனலும் வரட்டும் என்று காத்திருந்தால், எஃப்எல்டி3 மாற்றத்தைக் குறிவைக்கும் மைடோஸ்டாரின் போன்ற மருந்தை உரிய நாளில் தொடங்க முடியாமற் போகலாம்.

மாற்றம் கண்டறியப்பட்ட பிறகும் தவறுகள் உண்டு. நோய் தணிந்த பின் டிஎன்எம்டி3ஏ, டெட்2, ஏஎஸ்எக்ஸ்எல்1 ஆகிய மரபணுக்களின் மாற்றங்கள் இரத்தத்தில் நீடித்தால் நோய் எஞ்சியிருப்பதாகப் பலர் அஞ்சுகின்றனர். அவை பெரும்பாலும் வயதாகும்போது இரத்தத்தில் பெருகும், லுகேமியா அல்லாத பழைய செல்வரிசையின் எச்சமாகவே இருக்கும். என்பிஎம்1 மாற்றம் நீடிப்பதோ உண்மையிலேயே கவலைக்குரியது.

எல்லாவற்றினும் அதிகம் கோட்டைவிடப்படுவது, அந்த மாற்றம் பிறப்பிலேயே வந்ததா என்ற கேள்வி. டிடிஎக்ஸ்41 இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. இம்மரபணுவில் பிறவிப் பிழை உள்ளவர்களுக்கு நோய் பெரும்பாலும் 60 வயதைக் கடந்த பின்னரே வருவதால், ‘இந்த வயதில் என்ன பரம்பரை நோய்’ என்று மருத்துவர்களே கேட்காமல் விட்டுவிடுவதுண்டு. அறிக்கையில் அந்த மாற்றத்தின் அளவு (அம்மரபணுவின் வாசிக்கப்பட்ட படிகளில் மாற்றமுள்ளவற்றின் பங்கு) 50 விழுக்காட்டை ஒட்டியிருப்பதும், அதே மரபணுவில் ஆர்525ஹெச் என்னும் இரண்டாவது மாற்றம் சிறிய அளவில் உடனிருப்பதும் பிறவிப் பிழைக்கான வலுவான குறிப்புகள். இதை உறுதிசெய்ய எச்சிலையோ கன்னத்து உட்புறத் திசுவையோ எடுத்தால், அவற்றில் இரத்த வெள்ளணுக்கள் கலந்திருக்கும் என்பதால் விடை குழம்பும். தோலிலிருந்து வளர்த்தெடுக்கும் செல்களே நம்பகமானவை. வளர்ப்புக்குச் சில வாரங்கள் பிடிக்கும் என்பதால், ஐயம் எழுந்த அன்றே மாதிரி எடுத்துவிட வேண்டும்.

அவசரத்துக்குக் காரணம், ஸ்டெம் செல் தானம். உடன்பிறந்தவரிடமும் அதே பிழை இருக்க 2க்கு 1 என்ற வாய்ப்பு உண்டு. பரிசோதிக்காமல் அவரிடமிருந்து செல்களைப் பெற்றால், செலுத்தப்பட்ட செல்களிலிருந்தே புதிதாக லுகேமியா உருவாகக்கூடும், அவ்வாறு நேர்ந்த நோயாளிகளும் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளனர். இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: ‘பொருள் தெளிவற்ற மாற்றம்’ என்று அறிக்கை குறிப்பிடும் ஒன்றைக் கண்டு பயந்து, மற்ற எல்லாவற்றிலும் பொருந்திய அண்ணனையோ தங்கையையோ கொடையாளர் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவது.