பழைய தேக்குக் கதவில் இருக்கும் பெயிண்டை உரிப்பது எப்படி?

பழைய வீடுகளின் வாசல் கதவில் பச்சை, பிரவுன் எனாமலுக்கு அடியில் நல்ல தேக்கு மறைந்திருக்கும். செட்டிநாட்டு வீடுகள் என்றால் பெரும்பாலும் பர்மா தேக்கு. அதைப் பாலிஷ் போட்டுப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் தேடுவது சாண்டிங் மெஷினை. தயவுசெய்து வேண்டாம். கதவில் செதுக்கிய, தலைமுறை தாண்டி நின்ற தாமரை இதழை மெஷின் சில நிமிடத்தில் மழுக்கிவிடும். போன செதுக்கல் போனதுதான். உரிக்கும் வேலையைப் பெயிண்டை இளக்கும் மருந்து (ரிமூவர்) செய்யட்டும், உப்புத்தாள் கடைசியில்.

முதலில் மேலே இருப்பது என்ன என்று பாருங்கள். மறைவான மூலையில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சைச் சிறிது நேரம் வையுங்கள். பிசுபிசுத்தால் அது அரக்குப் பாலிஷ், ஸ்பிரிட்டும் துணியுமே போதும். இல்லையென்றால் தின்னரை வைத்துப் பாருங்கள். கரைந்து வந்தால் லாக்கர் என்ற பளபளப்பு மேல்பூச்சு. சுருங்கினாலோ அசையாமல் இருந்தாலோ எனாமல் அல்லது ஆயில் வார்னிஷ். அதற்கு ஜெல் வகை பெயிண்ட் ரிமூவர் வேண்டும்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்டில் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த பெயிண்டைத் தேய்க்காதீர்கள், தீயால் பொசுக்காதீர்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் பக்கத்தில் வர வேண்டாம்.

சரி, வேலைக்கு வருவோம். கீல், தாழ்ப்பாள், பித்தளைக் குமிழ் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, இரண்டு பேர் சேர்ந்து கதவை நிழலான திறந்த இடத்தில் கிடத்துங்கள். வெயிலில் மருந்து வேலை செய்வதற்குள் காய்ந்துவிடும். மூடிய அறையில் இந்த வேலையே கூடாது. மெத்திலீன் குளோரைடு கலந்த ரிமூவரின் ஆவி உடம்புக்குள் போய் கார்பன் மோனாக்சைடாக மாறும். கெட்டியான ரசாயனக் கையுறை, கண்ணாடி இரண்டும் கட்டாயம். பக்கத்தில் விளக்கோ அடுப்போ எரியக் கூடாது.

பிரஷ்ஷால் ரிமூவரைத் தடிமனாக ஒரே திசையில் பூசி, அப்படியே விட்டுவிடுங்கள். டப்பாவில் சொன்ன நேரத்துக்குள் பெயிண்ட் சுருங்கி எழும்பும். பட்டி பார்க்கும் தகட்டின் கூர் முனைகளைக் கொஞ்சம் தேய்த்து மழுக்கிவிட்டு, மரத்தின் ரேகை போகும் திசையிலேயே வழியுங்கள். அழுத்த வேண்டாம். வராத இடத்தில் பலத்தைக் காட்டாமல் இன்னொரு முறை மருந்து பூசுங்கள். நாலைந்து கோட்டிங் ஏறிய கதவுக்கு இரண்டு மூன்று சுற்று சாதாரணம்.

செதுக்கலுக்குள் இருப்பதை மூங்கில் குச்சி, பழைய டூத் பிரஷ், முறுக்கிய தேங்காய் நார் கொண்டு எடுங்கள். இரும்பு நார் மட்டும் வேண்டாம். அதன் துணுக்கு மரத்தில் தங்கி, ஈரம் பட்டதும் கறுப்புப் புள்ளியாகும். காஸ்டிக் சோடாவும் வேண்டாம், தேக்கு கறுத்துப்போகும். வழித்த கழிவையும் துணிகளையும் பத்திரமாகக் கட்டி அப்புறப்படுத்துங்கள், செடிப் பக்கம் கொட்டாதீர்கள்.

அப்புறம் தின்னர் துணியால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். ஆணி இருந்த இடத்தில் கறுப்புக் கறை தெரிந்தால் ஆக்ஸாலிக் ஆசிட் பொடியை வெந்நீரில் கரைத்து, பிளாஸ்டிக் வாளியில் வைத்து, அந்தப் பலகை முழுவதும் பூசுங்கள். கறையில் மட்டும் தடவினால் அந்த இடம் வெளுத்துத் தனியாகத் தெரியும். இந்த ஆசிட் விஷம், கையுறை கழற்றாதீர்கள். பிறகு இரண்டு மூன்று முறை தண்ணீரால் கழுவி, சில நாள் காயவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இது காயவே காயாது, தை பிறந்ததும் தொடங்குவது நல்லது.

இப்போதுதான் உப்புத்தாள். முகக்கவசம் போட்டு, முதலில் 120 நம்பர் தாள், பிறகு 180 நம்பர், ரேகையோடு, கையால். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் இருப்பதால், பாலிஷுக்குச் சற்று முன் மறுபடி தின்னரால் ஒருமுறை துடையுங்கள். கதவை மாட்டுவதற்கு முன் அடி விளிம்பிலும் இரண்டு கோட்டிங் கொடுத்துவிடுங்கள். மழைத்தண்ணீர் முதலில் ஏறுவது அந்த வழியாகத்தான்.