பழைய பாலிஷ் எதுவென்று தெரியாமல் புதுசைப் பூசாதீர்கள்

பழைய மர நாற்காலியோ மேசையோ கைக்கு வந்ததும் பலர் முதலில் தேடுவது உப்புத்தாளைத்தான். ஆனால் அது அப்புறம் வரவேண்டிய வேலை. மேலே இருக்கும் பூச்சு எதுவென்று தெரியாதவரை, நாம் பூசப்போவது ஒட்டுமா உரியுமா என்று யாராலும் சொல்ல முடியாது.

கண்ணால் பார்த்து முடிவுகட்டுவது பெரிய தவறு. அரக்குப் பாலிஷ், லாக்கர், வார்னிஷ் மூன்றும் வயதாகிவிட்டால் ஏறக்குறைய ஒரே மாதிரிப் பழுப்பேறி நிற்கும். கரைத்துப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். மேசையின் அடிப்பக்கம், காலின் உட்புறம் என்று வெளியே தெரியாத இடத்தில் டர்பென்டைன் தொட்ட துணியால் மெழுகையும் அழுக்கையும் துடைத்தெடுங்கள். பிறகு ஸ்பிரிட்டில் (அரக்கைக் கரைக்கும் ஆல்கஹாலில்) நனைத்த பஞ்சை அங்கே ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பூச்சு இளகி, விரலில் பிசுபிசுத்து, பஞ்சில் தேன் நிறம் ஏறினால் அது அரக்கு. ஸ்பிரிட்டுக்கு மசியவில்லையென்றால் லாக்கர் தின்னரை வைத்துப் பாருங்கள். கரைந்து வந்தால் பெரும்பாலும் லாக்கர். தண்ணீரில் கலக்கிற சில பூச்சுகளும் இதில் பிசுபிசுக்கும். கரையாமல் சுருங்கி எழும்பினாலோ, எதுவுமே ஆகாவிட்டாலோ வார்னிஷ், பாலியூரித்தேன் வகை. மொத்தம் பத்து நிமிட வேலை. ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் நெருப்பு கூடாது.

இந்தப் பத்து நிமிடத்தைத் தவிர்த்தால் என்ன ஆகும்? எண்ணெய் வார்னிஷ் மேல் லாக்கர் அடித்தால், தின்னர் கீழே இருப்பதைக் கிளப்பிவிட்டு மேல்பரப்பு முழுக்கச் சுருக்கம் விழும். மெழுகு மேல் பாலியூரித்தேன் பூசினால் முதலில் அழகாகத்தான் இருக்கும். நான் அப்படிப் பூசிய ஒரு ஸ்டூலில் சில வாரம் கழித்து ஓரத்தை நகத்தால் கீறினேன். பூச்சு மெல்லிய பிளாஸ்டிக் தாள் போலக் கழன்று வந்தது. எல்லாவற்றையும் சுரண்டி எடுக்க இரண்டு நாள் ஆனது.

சிலிக்கான் இதைவிடத் தொல்லை. வீட்டில் துடைக்கப் பயன்படுத்தும் சில ஸ்பிரே பாலிஷ்களில் அது உண்டு. புதுப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே வட்ட வட்டமாக விலகி, மீன் கண் போலக் குழிகள் விழும். அதன் மேல் இன்னும் தடவினாலும் குழி மூடாது. நிறுத்திவிட்டுத் துடைத்தெடுங்கள், அந்தப் புதுப் பூச்சுக்குரிய தின்னரால் நன்றாகக் கழுவுங்கள், அப்புறம் மெழுகு நீக்கிய அரக்கை ஒரு கை பூசுங்கள். இந்த அரக்கு கீழே இருப்பதையும் மேலே வருவதையும் பிரித்து, இரண்டிலும் ஒட்டிக்கொள்ளும். பழைய பூச்சு எதுவென்று கடைசிவரை புரியாவிட்டாலும் எனக்குக் கைகொடுப்பது இதுதான். மெழுகுள்ள சாதாரண அரக்கு வேண்டாம். அதன்மேல் பாலியூரித்தேன் சரியாகப் பிடிக்காது.

சரி, உப்புத்தாளுக்கு வருவோம். பழைய பெயின்ட் என்றால் ஈயம் இருக்கலாம், அதனால் சோதிக்காமல் உலர்வாகத் தேய்க்கவே கூடாது. அந்தத் தூசு குழந்தைகளுக்குப் பெரிய ஆபத்து. அடுத்து, முழுப் பலகையா, மேலே ஒட்டிய மெல்லிய மரத்தாளான வெனீரா என்று ஓரத்தைப் பாருங்கள். வெனீர் பல சமயம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. மெஷினை ஓரிடத்தில் கொஞ்சம் நிறுத்தினாலும் அடிமரம் தெரிந்துவிடும், அதை மறைக்க வழியில்லை. பழைய பூச்சு உறுதியாக இருந்தால் 220 அல்லது 320 நம்பர் தாளால் பளபளப்பு மங்கும் அளவுக்குக் கையால் தேய்த்தால் போதும். அதன்மேல் நிறமேற்றும் ஸ்டெயின் பூசிப் பயனில்லை, மரத்துக்குள் இறங்காது.

முழுசாகப் பூசுமுன் மறைவான இடத்தில் கொஞ்சம் பூசி, நன்றாகக் காயவிடுங்கள். பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். டேப்பில் செதில் ஒட்டி வரவில்லையென்றால் மேசையின் மேல்பக்கத்தைத் தைரியமாக ஆரம்பிக்கலாம்.