குறைந்த விலையில் துல்லியமான ரைபிள்: எதைப் பார்த்து வாங்குவது?

நெல்லைப் பக்கம் குறி பார்த்துச் சுடப் பழக நினைப்பவர்கள் 0.177 (4.5 மி.மீ.) ஏர் ரைபிளில் தொடங்குங்கள். குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூல் (joule) அளவைத் தாண்டாத வரை அதற்கு உரிமம் தேவையில்லை. தோட்டா ரைபிள் என்றால் உரிமம் கட்டாயம்.

பெட்டியில் வேகத்தைப் பெரிதாகப் போட்டிருந்தால் மயங்காதீர்கள். பெல்லட் (ஏர் ரைபிளில் போடும் சிறு குண்டு) ஒலி வேகத்தை நெருங்கினால் தடுமாறிக் குறி சிதறும். ட்ரிகர் இழுப்பு சீராக இருக்கிறதா என்று பாருங்கள், அதுதான் முக்கியம். ஸ்பிரிங் ரைபிள் மலிவு. ஆனால் உதறும், இறுக்கிப் பிடிக்காமல் தளர்வாகத் தாங்க வேண்டும். பிசிபி (அழுத்தக் காற்றை முன்கூட்டியே நிரப்பிச் சுடும் ரைபிள்) உதறாது, ஆனால் காற்றடிக்கும் பம்ப் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

அப்புறம் பெல்லட். தட்டை மூக்கு 10 மீட்டருக்குச் சரி. அதற்கு மேல் உருண்டை மூக்குதான். மூன்று நான்கு வகை வாங்கி, ஒவ்வொன்றிலும் ஒரே புள்ளியில் ஐந்து சுட்டுப் பாருங்கள். ஓட்டைகள் எதில் நெருங்கி விழுகின்றனவோ, உங்கள் குழலுக்கு அதுவே பொருத்தம். இலக்குக்குப் பின்னால் மண்மேடு இல்லாமல் சுடவே கூடாது.

ஆனி, ஆடியில் பணகுடி, வள்ளியூர்ப் பக்கம் காற்றாலை சுற்றும் வேகத்துக்கு, 50 மீட்டரில் பெல்லட் நன்றாகவே விலகும். காற்று அடங்கிய விடிகாலையில் ஸ்கோப்பை (குறி பார்க்கும் தொலைநோக்கி) சரிசெய்துகொள்ளுங்கள்.