டர்பனில் விமானப் பேச்சைக் கேட்பது: மலிவான கைவானொலி, 56 சென்டிமீட்டர் கம்பி

கிங் ஷாக்கா விமான நிலையத்தில் இறங்கும் விமானியும் கோபுரத்தில் இருப்பவரும் மறைகுறி எதுவும் போட்டுப் பேசுவதில்லை. சாதாரணக் குரல், சாதாரண ஏஎம் ஒலிபரப்பு, 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை. இதைக் கேட்க ஆயிரக்கணக்கில் ராண்ட் கொட்ட வேண்டாம். ஆனால் தவறான கருவியை வாங்கிவிட்டால் என்ன திருகினாலும் ஒன்றும் கேட்காது. முதல் முறை வாங்குபவர்களில் பலர் அங்கேதான் சறுக்குகிறார்கள்.

பாஃபெங் யுவி-5ஆர் என்ற வாக்கிடாக்கி எங்கும் மலிவாகக் கிடைக்கிறது. அது இந்த வேலைக்கு ஆகாது. அதன் கீழ்ப்பட்டை 136 மெகாஹெர்ட்ஸில்தான் தொடங்குகிறது, அதுவும் எஃப்எம் மட்டும். விமானப் பேச்சு ஏஎம். கருவி மாறவில்லையா, உலகம் இன்னும் பழைய முறையில் இருக்கிறதா என்று கேட்பவர்கள் உண்டு. காரணம் இருக்கிறது. எஃப்எம்மில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் வலுவான குரல் மட்டும் கேட்கும், மற்றவர் பேசியதே தெரியாது. ஏஎம்மில் இரண்டும் மோதி ‘கீ’ என்று கூச்சலிடும். யாரோ குறுக்கே பேசினார்கள் என்று கோபுரத்துக்கு உடனே தெரிந்துவிடும், மறுபடி சொல்லச் சொல்வார்கள். விமானத்தில் அந்தக் கூச்சல்தான் பாதுகாப்பு.

எதை வாங்குவது

பெட்டியில் ‘ஏர்’ அல்லது ‘ஏர்பேண்ட்’ என்றும் 118–137 என்றும் போட்டிருக்க வேண்டும். எக்ஸ்ஹெச்டேட்டா டி-808, டெக்சன் பிஎல்-660, பிஎல்-680 ஆகியவை சிற்றலை வானொலிகள், விமானப் பட்டையும் உண்டு. ஒரே அலைவரிசையில் உட்கார்ந்து கேட்பவருக்கு இவை போதும். பல அலைவரிசைகளை மாறி மாறித் துழாவ வேண்டும் என்றால் இவை மெதுவானவை. அதற்கு யூனிடன் பிசி75எக்ஸ்எல்டி, பிசி125ஏடி போன்ற ஸ்கேனர்கள் நல்லவை. முன்னதில் 300 அலைவரிசை நினைவில் நிற்கும், பின்னதில் 500.

குவான்ஷெங் யுவி-கே5 என்ற வாக்கிடாக்கியும் 108–136 பட்டையை ஏஎம்மில் வாங்கும். விலை மிகக் குறைவு. தொழிற்சாலை மென்பொருளில் வலுவான சிக்னல் வந்தால் குரல் கரகரவென்று உடையும். மாற்று மென்பொருள் ஏற்றி அதைச் சரிசெய்பவர்கள் உண்டு. இருந்தாலும் எங்கள் பரிந்துரை கேட்க மட்டும் தெரிந்த கருவிதான். பையில் போட்டிருக்கும் வாக்கிடாக்கியின் பொத்தான் தானாக அமுங்காது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிடுவோம். 2005ஆம் ஆண்டின் மின்னணுத் தொடர்புச் சட்டத்தில் 31ஆம் பிரிவு, அலை அனுப்புவதை மட்டுமல்ல, வாங்குவதையும் உரிமத்துக்குள் வைக்கிறது. எதற்கு விலக்கு என்பது இகாசா என்ற தகவல் தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் வெளியிடும் விதிமுறைகளில் இருக்கும். கருவி வாங்குமுன் அவர்களிடமோ, தென்னாப்பிரிக்க ரேடியோ லீகைச் சேர்ந்த உள்ளூர் ஹாம் (அமெச்சூர் வானொலி) கிளப்பிலோ கேட்டுக்கொள்ளுங்கள். உரிமம் இல்லாமல் விமான அலைவரிசையில் பேசுவது குற்றம், விளையாட்டுக்குக்கூட வேண்டாம்.

அலைவரிசை எண் எங்கே

இணையத்தில் சுற்றும் பட்டியல்களை நம்பாதீர்கள். எண்கள் மாறுகின்றன, பட்டியல் மாறுவதில்லை. விமானப் போக்குவரத்து ஆணையம் வெளியிடும் ஏஐபி என்ற அதிகாரபூர்வத் தொகுப்பை எடுங்கள். கிங் ஷாக்காவின் குறியீடு எஃப்ஏஎல்ஈ, டர்பனின் சிறு நிலையமான வர்ஜீனியாவின் குறியீடு எஃப்ஏவிஜி. ஒவ்வொரு நிலையத்தின் பக்கத்திலும் ஏடி 2.18 என்ற பகுதியில்தான் தகவல் தொடர்பு எண்கள் இருக்கும். அதிலிருந்து ஏடிஸ், கிரவுண்ட் (தரையில் நகரும் விமானங்களுக்கு), டவர் (கோபுரம்), அப்ரோச் (இறங்க நெருங்கி வரும் விமானங்களுக்கு) ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். கூடவே 121.5. உலகெங்கும் அவசர அலைவரிசை அதுதான், எந்தப் பட்டியலிலும் மாறாது.

ஏடிஸ் என்பது பதிவுசெய்த குரல். காற்று, அழுத்தம், எந்த ஓடுபாதை என்று சுற்றிச் சுற்றிச் சொல்லிக்கொண்டே இருக்கும். எப்போதும் ஒலிப்பதால் கருவியைச் சோதிக்க இதைவிட நல்லது இல்லை. அதே காரணத்தால் ஸ்கேன் பட்டியலில் இதைச் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் ஸ்கேனர் அங்கேயே நின்றுவிடும், நகராது. அதில் வரும் நேரம் உலக நேரம். நம் நேரம் வேண்டும் என்றால் அதோடு 2 மணி கூட்டிக்கொள்ளுங்கள்.

கருவியில் பார்க்க வேண்டியவை நான்குதான். மோடு ஏஎம். படி 25 கிலோஹெர்ட்ஸ். ஸ்கேனர் ஒரு பேச்சு முடிந்ததும் ஓடிவிடாமல் 2 வினாடி காத்திருக்கும்படி வையுங்கள், இல்லாவிட்டால் கேள்வி கேட்கும், பதில் கேட்காது. கடைசியாக ஸ்குவெல்ச், அதாவது பேச்சு இல்லாதபோது வரும் இரைச்சலை அடக்கும் அமைப்பு. முழுக்கத் திறந்து இரைச்சலைக் கேளுங்கள், பிறகு இரைச்சல் நிற்கும் அந்த இடத்தில் நிறுத்துங்கள். அதற்கு மேல் ஒரு படி ஏற்றினாலும் தூரத்து விமானங்கள் போய்விடும். ‘என் வானொலி செத்துக் கிடக்கிறது’ என்ற புகார்களில் பெரும்பாலானவை ஸ்குவெல்ச்சைக் கூட்டி வைத்ததால் வருபவை.

தொங்காட்டில் கேட்பது சாட்ஸ்வொர்த்தில் கேட்காது

இந்த அலை நேர்க்கோட்டில் போவது. மலை, மேடு, கட்டடம் எல்லாம் மறைக்கும். கிங் ஷாக்கா லா மெர்சியில் இருக்கிறது, தொங்காட், வெருலம் பக்கம். அங்கே சற்று உயரமான இடத்தில் வீடு இருந்தால் கோபுரம், விமானம் இரண்டும் கேட்கும். சாட்ஸ்வொர்த்தின் பள்ளத்தில் இருப்பவருக்குக் கோபுரம் வராது, விமானம் மட்டும் வரும். ஏடிஸும் தரையிலிருந்து வருவதால் அதுவும் கேட்காது. அதைக் கருவியின் கோளாறு என்று நினைத்துக்கொண்டு கடைக்குத் திருப்பி எடுத்துப் போக வேண்டாம்.

விமானம் எவ்வளவு தூரத்திலிருந்து கேட்கும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. உயரத்தை அடியில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 1.23ஆல் பெருக்கினால் கடல் மைல் வரும். 35,000 அடியில் பறப்பது சுமார் 230 கடல் மைல், அதாவது 425 கிலோமீட்டர் வரை. 3,000 அடிக்கு இறங்கிவிட்டால் 125 கிலோமீட்டர்தான். இது தடையில்லாத வெளிக்கான கணக்கு, வீட்டுக்குள் பாதி கிடைத்தாலே பெரிது. நம் வீட்டு ஜன்னல்களில் திருட்டுத் தடுப்புக் கம்பிகள் இருக்கின்றன, கூரை பல இடங்களில் தகரம். இரண்டும் அலையைத் தடுப்பவை. முற்றத்துக்கு வந்து கேட்டுப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

கற்றுக்கொள்ள வர்ஜீனியா இன்னும் நல்லது. டர்பன் நார்த்தில் கடற்கரையை ஒட்டிய சிறு நிலையம். ஹெலிகாப்டர்களும் பயிற்சி விமானங்களும் வரும். சுற்றிச் சுற்றி இறங்கி ஏறும் மாணவர்கள் மெதுவாக, விதிப்படி பேசுவார்கள்.

ஆன்டெனா: 56 சென்டிமீட்டர்

கருவியோடு வரும் குட்டை ரப்பர் ஆன்டெனா பல பட்டைகளுக்கும் பொதுவானது, எதற்கும் முழுமையாகப் பொருந்தாது. பட்டையின் நடுவே 127 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலைநீளம் சுமார் 59 சென்டிமீட்டர், கம்பிக்கு அதில் சற்றுக் குறைத்து 56. இழுத்து நீட்டும் கம்பி இருந்தால் முழுக்க இழுக்காமல் அளந்து 56இல் நிறுத்துங்கள். எப்போதும் நேராக நிற்கட்டும். விமான அலை செங்குத்தாக அதிர்வது, கம்பியைப் படுக்க வைத்தால் பெரும்பகுதி போய்விடும்.

பிஎன்சி (செருகித் திருப்பிப் பூட்டும்) இணைப்பு உள்ள ஸ்கேனருக்கு வெளியே ஒரு ஆன்டெனா செய்வது ஒரு பிற்பகல் வேலை. தேவை: நான்கு திருகு ஓட்டை உள்ள எஸ்ஓ-239 சாக்கெட் ஒன்று, வீட்டு ஒயரிங்குக்குப் போடும் 2.5 சதுர மில்லிமீட்டர் ஒற்றைச் செப்புக் கம்பி 3 மீட்டர். எம்3 திருகு, நட், வளைய முனை நான்கு நான்கு. இரு முனையிலும் சரியான இணைப்புள்ள ஆர்ஜி-58 கேபிள் 5 மீட்டர். கம்பியில் 56 சென்டிமீட்டர் ஒன்றும் 59 சென்டிமீட்டர் நான்கும் வெட்டினால் 292 ஆகும், ஆகவே 3 மீட்டரில் வீணடிக்க இடமில்லை, அளந்து வெட்டுங்கள். 56ஐ சாக்கெட்டின் நடுமுனையில் நிமிர்த்தி ஈயப்பற்று வையுங்கள். மற்ற நான்கையும் மூலைத் திருகுகளில் மாட்டி, 45 பாகை கீழே சாய்த்து வளையுங்கள். நேராகப் பக்கவாட்டில் விட்டாலும் வேலை செய்யும். சாய்த்தால் 50 ஓம் கேபிளோடு நன்றாகப் பொருந்தும்.

கேபிளை நீட்டிக்கொண்டே போகாதீர்கள். 5 மீட்டரில் இழப்பு 1 டெசிபல் அளவுதான், 20 மீட்டரில் கிடைத்ததில் பாதிக்கு மேல் வழியிலேயே போய்விடும். நம் கடற்கரை உப்புக்காற்றில் செப்பு சீக்கிரம் பச்சை பிடிக்கும். ஈயப்பற்று வைத்த இடங்களில் சிலிக்கான் பூசுங்கள், கேபிள் இணைப்பில் நீர்புகாத் தானொட்டு டேப் சுற்றுங்கள். உள்ளே நீர் இறங்கிய கேபிளைச் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும். கோடையில் இடி மின்னல் வருமுன் கேபிளைக் கழற்றி வெளியே விட்டுவிடுங்கள்.

பாதியைக் கேட்டே முழுதையும் அறிவது

கோபுரம் கேட்காத இடத்தில் இருப்பவர்கள் மனம் தளர வேண்டாம். கட்டுப்பாட்டாளர் சொன்ன முக்கியமான கட்டளைகளை விமானி திருப்பிச் சொல்லியே ஆக வேண்டும்: ஓடுபாதை, உயரம், திசை, வேகம், அழுத்தம், டிரான்ஸ்பாண்டர் எண் (ரேடாரில் விமானத்தை அடையாளம் காட்டுவது), இறங்கவும் ஏறவும் அனுமதி. அதனால் விமானியின் குரல் ஒன்றே போதும். காற்று மட்டும் திருப்பிச் சொல்லப்படாது.

யார் பேசுகிறார் என்று தெரியாமல் குழம்புபவர்களுக்கு ஒரு சூத்திரம். விமானத்தின் பெயர் முதலில் வந்தால் பேசுவது கட்டுப்பாட்டாளர், கடைசியில் வந்தால் விமானி திருப்பிச் சொல்கிறார். புதிதாகக் கூப்பிடும்போது மட்டும் விமானி நிலையத்தின் பெயரை முதலில் சொல்வார்.

‘ஸ்பிரிங்பாக் ஃபைவ் த்ரீ டூ, விண்ட் ஜீரோ ஃபோர் ஜீரோ டிகிரீஸ் ஒன் டூ நாட்ஸ், ரன்வே ஜீரோ சிக்ஸ், கிளியர்ட் டு லேண்ட்.’ இது கோபுரம். பதில்: ‘ரன்வே ஜீரோ சிக்ஸ், கிளியர்ட் டு லேண்ட், ஸ்பிரிங்பாக் ஃபைவ் த்ரீ டூ.’

ஸ்பிரிங்பாக் என்றால் சவுத் ஆஃப்ரிக்கன் ஏர்வேஸ். ‘லிங்க்’ என்றால் ஏர்லிங்க். ‘ஸ்பீட்பேர்ட்’ பிரிட்டிஷ் ஏர்வேஸ். ‘ஜூலு சியரா’ என்று தொடங்கினால் தென்னாப்பிரிக்காவில் பதிவான தனியார் விமானமாக இருக்கும்.

கிங் ஷாக்காவின் ஓடுபாதை ஒன்றுதான், அதன் இரு முனைகள் 06, 24. இங்கே காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோ வரும், பாதை அதற்கேற்ற திசையில் கிடக்கிறது. வடகிழக்குக் காற்று என்றால் 06, விமானங்கள் தென்மேற்கிலிருந்து மவுண்ட் மோர்லேண்ட் பக்கமாக இறங்கும். தென்மேற்குக் காற்று திரும்பினால் 24, அப்போது வடக்கே தொங்காட், பலிட்டோ பக்கத்திலிருந்து வரும். காற்று மாறும் வேளையில் கேட்பதுதான் மிகச் சுவையானது. வரிசையில் நிற்கும் விமானங்கள் எல்லாவற்றையும் திருப்பி அடுக்க வேண்டியிருக்கும், அப்ரோச் அலைவரிசை சூடாகிவிடும். மவுண்ட் மோர்லேண்ட் நாணல் படுகை, கோடை மாதங்களில் அந்தியில் கூட்டமாக வந்து அடையும் தகைவிலான் குருவிகளுக்குப் பேர்போனது. அவற்றைக் கண்காணிக்க நிலையம் ரேடாரும் வைத்தது. அந்த நேரத்தில் பறவை எச்சரிக்கை காதில் விழுந்தால் வியக்க வேண்டாம்.

முதல் வாரம் டவரை மட்டும் கேளுங்கள். வாக்கியங்கள் குறைவு, திரும்பத் திரும்ப வருபவை. அப்ரோச் அதற்குப் பிறகு. கிரவுண்ட், விமான நிலையத்துக்கு அருகில் இருப்பவருக்கு மட்டும்.

வேறு என்ன கெடும்

விமானப் பட்டையில் திரைப்பாட்டு கேட்டால் அது 108க்குக் கீழே உள்ள எஃப்எம் நிலையங்களின் வேலை. மலிவான கருவிகளில் அவை எளிதாக உள்ளே நுழையும். 10.7 மெகாஹெர்ட்ஸ் இடைநிலை அலைவரிசை (வாங்கும் அலையைக் கருவி தனக்குள் மாற்றிக்கொள்ளும் அலைவரிசை) உள்ள வானொலிகளில் அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி: திரையில் தெரியும் எண்ணிலிருந்து 21.4ஐக் கழியுங்கள். 119.1இல் பாட்டு வந்தால் 97.7இல் ஒரு நிலையம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதன் நிழல்தான் இது. ஆன்டெனாவைக் குறுக்கிப் பாருங்கள். போகவில்லை என்றால் எஃப்எம் தடுப்பு வடிகட்டி ஒன்றை ஆன்டெனாவுக்கும் கருவிக்கும் இடையில் போட வேண்டும். வெளி ஆன்டெனா போட்ட பிறகு கேட்பது மோசமானால் இதுதான் காரணம்.

தொடர்ந்து ‘ர்ர்ர்’ என்ற இரைச்சல் வீட்டிலிருந்தே வருவது. ஏஎம் எல்லா மின் இரைச்சலையும் அப்படியே வாங்கிக்கொள்ளும். எல்இடி விளக்கு, போன் சார்ஜர், லோட்ஷெடிங் மின்வெட்டுக்கென்று மாட்டிய இன்வெர்ட்டர், சோலார் கட்டுப்பாட்டுப் பெட்டி, இந்த வரிசையில் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். வானொலியை பேட்டரியில் இயக்கிக்கொண்டே மெயின் சுவிட்சை இறக்கிப் பார்ப்பது இன்னும் விரைவான சோதனை: இரைச்சல் நின்றால் குற்றவாளி உங்கள் வீட்டில், நிற்காவிட்டால் பக்கத்து வீட்டில். இன்வெர்ட்டர் தானாக ஓட ஆரம்பித்தால் அதையும் நிறுத்திவிட்டுத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

ஸ்குவெல்ச் தானாகத் திறந்து, பேச்சே இல்லாமல் ஒரு நிமிடத்துக்கு மேல் மெல்லிய ஓசை மட்டும் வந்தால் கருவியைத் தொடாதீர்கள். எங்கோ ஒரு விமானியின் பேச்சுப் பொத்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவர் விடும்வரை அந்த அலைவரிசையில் வேறு யாரும் பேச முடியாது.