தொழில் உரிமம் புதுப்பிக்க: தையில் தொடங்கினால் பங்குனியில் கையில்

சாமி படத்துக்குப் பக்கத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும், கடை நடத்த நகராட்சி தரும் தொழில் உரிமத்தை முதலில் கழற்றி இறக்குங்கள். அதில் ஐந்தைப் பார்க்க வேண்டும்: செல்லுபடி முடியும் தேதி, உரிமதாரர் பெயர், கதவு எண், தொழிலின் பெயர், பரப்பளவு அல்லது மோட்டாரின் குதிரைத்திறன். ஐந்தும் இன்றைய கடையோடு ஒத்துப்போனால் புதுப்பிப்பது அரைமணி நேர வேலை. ஒன்று இடறினாலும் விண்ணப்பம் திரும்பி வரும். உரிமம் நிதியாண்டுக் கணக்கில் ஓடுவதால் பெரும்பாலும் மார்ச் 31 என்றுதான் போட்டிருக்கும். "போன வருஷம் மே மாசம்தானே கட்டினோம், இந்த மே வரைக்கும் இருக்கு" என்று கணக்குப் போடாதீர்கள். எந்த மாதம் கட்டினாலும் முடிவு தாளில் உள்ள தேதிதான்.

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், மன்னார்குடி பக்கம் இந்தத் தேதியில் ஒரு சங்கடம் உண்டு. தை, மாசியில் சம்பா அறுவடை. அரிசி ஆலை இரவு பகலாக ஓடும். நெல் போட்ட காசு கைக்கு வந்ததும் பாத்திரக்கடை, ஜவுளிக்கடை, நகைக்கடை எல்லாம் களைகட்டும். உரக்கடைக்காரர் கடன் பாக்கி வசூலுக்கு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருப்பார். எல்லோரும் கொஞ்சம் மூச்சு விடும்போது மார்ச் கடைசி வாரம் வந்துவிடும். அந்த நேரத்தில் நகராட்சி வருவாய்ப் பிரிவு வருஷக் கடைசி வசூலில் இருக்கும். உங்கள் கோப்பில் உள்ள சின்னப் பிழையைத் திருத்த அங்கே ஆள் கிடைக்காது. எனவே பொங்கல் கழிந்ததும் தாள்களைச் சரிபாருங்கள், பிப்ரவரிக்குள் விண்ணப்பித்துவிடுங்கள். கும்பகோணத்துக்காரர்கள் 2028ஐ இப்போதே குறித்துக்கொள்ளலாம். அந்த மாசியில் மகாமகம். சுகாதார ஆய்வாளர் குளக்கரையை விட்டு உங்கள் கடைக்கு வருவார் என்று எதிர்பார்க்க முடியாது.

கட்டிடத்தின் பாக்கி

உரிமக் கட்டணத்தைக் கட்டத் தயாராக இருந்தும் உரிமம் நின்றுபோவதற்கு முதல் காரணம் கடை இருக்கும் கட்டிடத்தின் சொத்து வரி. வரி, ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்று இரண்டு அரையாண்டு. வீட்டுக்காரர் முதல் அரையாண்டைக் கட்டிவிட்டு அடுத்ததை மறந்திருப்பார். அல்லது அவர் சிங்கப்பூரில் இருப்பார், வரி கட்டுவது அவருடைய மைத்துனர் பொறுப்பு, மைத்துனரிடம் கேட்டால் "கட்டியாச்சே" என்பார். வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம். வரிவிதிப்பு எண்ணை வாங்கி, நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கான இணையத்தளத்தில் போட்டுப் பார்த்தால் நிலுவை தெரிந்துவிடும். அந்த எண் இருந்தால் யார் வேண்டுமானாலும் கட்டலாம். உரிமையாளர்தான் கட்ட வேண்டும் என்பதில்லை. வாடகையில் கழித்துக்கொள்வதாக இருந்தால் கட்டுவதற்கு முன்பே அவரிடம் வாட்ஸ்அப்பில் "சரி" என்று ஒரு வரி வாங்கிவிடுங்கள். அரையாண்டு தொடங்கிய முதல் 30 நாளுக்குள், அதாவது ஏப்ரல் 30, அக்டோபர் 30க்குள் கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகை உண்டு என்பதை வீட்டுக்காரருக்கு ஞாபகப்படுத்துங்கள். நம் வேலையும் முடியும், அவருக்கும் லாபம்.

கும்பகோணம் 2021ல் மாநகராட்சியானபோது தாராசுரம் பேரூராட்சியும் அதில் சேர்ந்தது. அந்தப் பகுதிக் கடைகளில் பேரூராட்சி காலத்து வார்டு எண், வரிவிதிப்பு எண்ணோடு பழைய தாள்கள் இன்னும் கிடக்கும். பழைய எண்ணைப் போட்டால் "விவரம் இல்லை" என்று வரும், அல்லது வேறு யாருடைய வீடோ வரும். பழைய ரசீதையும் புதிய ரசீதையும் சேர்த்து வைத்துக்கொண்டு போனால் வருவாய் உதவியாளர் பொருத்திக் கொடுப்பார். எந்த ஊராக இருந்தாலும் விண்ணப்பத்தில் கதவு எண்ணை "புதிய எண், பழைய எண்" என்று இரண்டையும் எழுதுங்கள். மின்கட்டண அட்டையில் ஒரு எண், வரி ரசீதில் ஒரு எண், வாடகை ஒப்பந்தத்தில் ஒரு எண் என்று இருந்தால் மூன்றும் ஒரே கடைதான் என்று நீங்கள்தான் காட்ட வேண்டியிருக்கும்.

கோயில் இடத்தில், மடத்து இடத்தில் கடை வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு அடுக்கு. டெல்டா ஊர்களில் சன்னதித் தெருவும் நான்கு வீதிகளும் பெரும்பாலும் இந்த வகைதான். மனை கோயிலுடையது, மேலே உள்ள கட்டிடம் உங்களுடையது என்றால் கோயிலுக்கு அடிமனை வாடகை, நகராட்சிக்குச் சொத்து வரி, இரண்டுமே உங்கள் தலையில். கட்டிடமும் கோயிலுடையது என்றால் வாடகை ரசீது போதும். இங்கே சிக்குவது பெயர். கோயில் பதிவேட்டில் அப்பா பெயர், உரிமத்தில் மகன் பெயர். அப்பா இருக்கும்வரை யாரும் கேட்கமாட்டார்கள். காலமான பிறகு வரும் முதல் புதுப்பித்தலில் கேட்பார்கள். கோயிலில் வாடகைதாரர் பெயர் மாற்றம் செயல் அலுவலரிடம் மனு போட்டு, நிலுவையெல்லாம் தீர்த்த பிறகுதான் நகரும். ஒரு மாதத்தில் முடியும் காரியம் இல்லை. உரிமத்துக்காகக் காத்திருக்காமல் அதை முதலில் தொடங்கிவிடுங்கள்.

தனியார் கடை என்றால் 11 மாத ஒப்பந்தத்தின் தேதியைப் பாருங்கள். ஜூன் 1ல் போட்ட ஒப்பந்தம் ஏப்ரல் 30ல் முடிகிறது. பிப்ரவரியில் விண்ணப்பிக்கும்போது அது உயிரோடு இருக்கும். கோப்பு இழுத்து மே மாதம் மேசைக்கு வந்தால் காலாவதி. தாமதமாக விண்ணப்பிப்பவர்கள் இதில்தான் அதிகம் மாட்டுகிறார்கள்.

சொத்து வரி முடிந்ததும் தொழில் வரியைப் பாருங்கள். இதுவும் அரையாண்டுக்கு ஒரு முறை, தனி ரசீது. ஆண்டுக்கு ஒருவருக்கு 2,500 ரூபாய்க்கு மேல் போகாது. அரசமைப்புச் சட்டமே வைத்த உச்சவரம்பு அது. தொழில் வரியும் தொழில் உரிமமும் ஒன்று என்று நினைத்து, வரி ரசீதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் கடைகள் உண்டு. ஆய்வுக்கு வருபவர் அதை உரிமமாக எடுத்துக்கொள்ளமாட்டார். குப்பைக் கட்டணம், குடிநீர்க் கட்டணம் பாக்கியையும் அதே மூச்சில் தீர்த்துவிடுங்கள்.

பரப்பும் மோட்டாரும்

கட்டணம் ஊருக்கு ஊர், தொழிலுக்குத் தொழில் மாறும். அதைத் தீர்மானிப்பவை இரண்டு: கடையின் பரப்பு, இயந்திரம் இருந்தால் அதன் குதிரைத்திறன். விண்ணப்பத்தில் சதுர மீட்டர் கேட்டிருக்கும் இடத்தில் சதுர அடியைப் போட்டால் கட்டணம் எங்கேயோ போய்விடும். 12 அடிக்கு 20 அடி கடை 240 சதுர அடி, 10.76 ஆல் வகுத்தால் 22.3 சதுர மீட்டர். கட்டம் எதைக் கேட்கிறது என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள்.

மாவு மில், எண்ணெய் செக்கு, தச்சுப் பட்டறை, அரிசி ஆலை வைத்திருப்பவர்கள் மோட்டாரின் உடம்பில் அறைந்திருக்கும் தகட்டைத் துடைத்துப் படியுங்கள். மாவும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறி எழுத்தே தெரியாது. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தால் தெரியும். பல தகடுகளில் கிலோவாட் மட்டும் இருக்கும். 0.746 ஆல் வகுத்தால் குதிரைத்திறன். 2.2 என்றால் 3, 3.7 என்றால் 5, 5.5 என்றால் ஏழரை. உரிமத்தில் 5 என்று இருக்க, நடுவில் மோட்டார் எரிந்து ஏழரை மாட்டியிருந்தால் அது புதுப்பித்தல் இல்லை, மாற்றம்; அதற்குத் தனி விண்ணப்பம். பழைய எண்ணையே எழுதிவிட்டு ஆய்வில் பிடிபடுவதைவிட, வித்தியாசத்தைக் கட்டிவிடுவது மலிவு. தகட்டைப் படம் எடுத்து வைத்துக்கொண்டால் அடுத்த வருஷமும் உதவும்.

தராசு

எடை போட்டு விற்கும் கடைக்கு இது தனிச் சங்கதி. தராசுக்கு முத்திரை வைப்பது நகராட்சி அல்ல, தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர். ஆனால் உரிமத் தாள்களைத் தேடும்போதே இதையும் பார்த்துவிடுவது புத்திசாலித்தனம். மின்னணுத் தராசுக்கு 12 மாதத்துக்கு ஒருமுறை மறுமுத்திரை வேண்டும். இரும்பு எடைக்கற்களுக்கு 24 மாதம். தராசைக் கவிழ்த்தால் கம்பியில் கோத்த ஈய முத்திரை தெரியும். அதில் வருஷத்தின் கடைசி இரண்டு எண்ணும், காலாண்டைக் குறிக்கும் ஆங்கில எழுத்தும் இருக்கும்: ஏ என்றால் ஜனவரி–மார்ச், பி ஏப்ரல்–ஜூன், சி ஜூலை–செப்டம்பர், டி அக்டோபர்–டிசம்பர். பழுது பார்க்கக் கொடுத்துக் கம்பியை அறுத்துவிட்டால் வருஷம் முடியாவிட்டாலும் திரும்ப முத்திரை வைத்த பிறகுதான் வியாபாரத்துக்கு எடுக்க வேண்டும். சான்றிதழைத் தராசுக்குப் பக்கத்திலேயே தெரியும்படி மாட்டுங்கள்.

எதெல்லாம் தொழில் உரிமம் அல்ல

ஜிஎஸ்டி சான்று, சிறு, குறு தொழில்களுக்கான உத்யம் பதிவு, உணவுப் பாதுகாப்புப் பதிவு, உரம், பூச்சிமருந்து, விதை விற்க வேளாண்மைத் துறை தரும் உரிமங்கள், மருந்துக்கடை உரிமம், எல்லாம் தனித்தனி. ஒன்று இருந்தால் இன்னொன்று வேண்டாம் என்று ஆகாது. உத்யம் பதிவு இலவசம், அதற்கு ஆண்டுப் புதுப்பித்தலும் கிடையாது. "உத்யம் காலாவதி ஆகிறது, பணம் கட்டுங்கள்" என்று குறுஞ்செய்தி வந்தால் அழித்துவிடுங்கள்.

விண்ணப்பமும் பணமும்

இணையத்தில் நீங்களே செய்யலாம், இ-சேவை மையத்திலும் செய்யலாம். கம்ப்யூட்டர் சென்டரில் கொடுத்தால் ஒரே ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள்: விண்ணப்பத்தில் உங்கள் கைபேசி எண்தான் போக வேண்டும். அவசரத்தில் சென்டர் தம்பி தன் எண்ணைப் போட்டுவிடுவார். ஓடிபி அவருக்குப் போகும், குறைபாட்டுச் செய்தியும் அவருக்கே போகும். அடுத்த வருஷம் அந்த சென்டர் இருக்குமோ இருக்காதோ.

பணம் கணக்கில் கழிந்து, ரசீது வராமல் பக்கம் நின்றுவிட்டால் உடனே இரண்டாம் முறை கட்டாதீர்கள். வங்கிப் பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொண்டு இரண்டு மூன்று நாள் பொறுத்துப் பாருங்கள். பெரும்பாலும் கணக்கில் ஏறிவிடும், இல்லாவிட்டால் திரும்பி வரும். ஏறவில்லை என்றால் அந்த எண்ணோடு வருவாய்ப் பிரிவுக்குப் போங்கள். பணம் கட்டிய ரசீது உரிமம் அல்ல. ஒப்புதல் ஆன பிறகு உரிமத்தை இறக்கி அச்செடுத்தால்தான் வேலை முடிந்தது. ரசீதோடு நின்றுவிட்டவர்கள் வங்கிக் கடனுக்குப் போகும்போதுதான் விழித்துக்கொள்வார்கள்.

ஆய்வுக்கு வந்தால் பார்ப்பது பெரிய ரகசியம் இல்லை. மக்கும் குப்பைக்கும் மக்காத குப்பைக்கும் தனித்தனித் தொட்டி, தீயணைப்புக் கருவியின் முள் பச்சையில் நிற்கிறதா, 2019 ஜனவரி 1 முதல் தடையில் இருக்கும் 14 வகை பிளாஸ்டிக் பொருள் ஏதும் மேசைக்கு அடியில் கிடக்கிறதா, கடைப்படி சாக்கடையை மூடுகிறதா. கடைசியில் சொன்னதுதான் நம் ஊர்களில் பெரிய வம்பு. மழைக்காலத்தில் தண்ணீர் வடியாத தெருவாக இருந்தால் கழற்றி எடுக்கிற மாதிரி இரும்புப் படி வைப்பது நல்லது. பெயர்ப்பலகையில் தமிழ் முதலிலும் பெரிதாகவும் இருக்கட்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்பது விதி.

உரிமதாரர் காலமானாலோ கூட்டாளி விலகினாலோ பழைய பெயரில் புதுப்பித்துக்கொண்டே போகாதீர்கள். புதுப் பெயரில் புது உரிமம் எடுங்கள். கடையை மூடினால் அதையும் எழுத்தில் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் உங்கள் பெயரில் கேட்புத் தொகை வருஷா வருஷம் ஏறிக்கொண்டே போகும். அதே இடத்தில் அடுத்துக் கடை போடுபவர் உங்களைத் தேடி வருவார். அசல் உரிமத்தை இணைத்து, மூடிய தேதியை எழுதிக் கொடுத்து, நகலில் நகராட்சி முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.