பழைய ஸ்க்ரூ ஸ்பேனர் சேர்க்க ஆசையா?

வெள்ளிக்கிழமை காலையிலேயே சென்னை பல்லாவரம் சந்தைக்குப் போய்விடுங்கள். வெயில் ஏறுவதற்குள் நல்லதெல்லாம் போய்விடும். இன்னொரு நாள் புதுப்பேட்டையின் பழைய வண்டிப் பாகக் கடைகள்.

குவியலில் கிடைத்ததும் விலை கேட்காதீர்கள், முதலில் திருகை உருட்டித் தாடையை, அதாவது நட்டைக் கவ்வும் வாயை, முழுக்கத் திறந்து மூடுங்கள், மூடியபின் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் இரண்டு தாடைக்கும் நடுவே ஒரே சீராக இடைவெளி தெரிகிறதா, ஒரு பக்கம் மட்டும் விரிந்திருக்கிறதா என்று புரிந்துவிடும். விரிந்திருந்தால் யாரோ கைப்பிடியில் பைப்பை மாட்டி நெம்பியிருக்கிறார்கள். வெல்டிங் வைத்ததையும் விட்டுவிடுங்கள். துரு மட்டும் என்றால் பயமே வேண்டாம்.

அப்புறம் கைப்பிடி எழுத்து. இன்றைய வடிவத்துக்கு 1890-களின் தொடக்கத்தில் காப்புரிமை வாங்கியவர் ஸ்வீடனின் யோஹன் பெட்டர் யோஹான்சன். பாக்கோ என்ற பிராண்ட் அந்த வழியில் வந்ததுதான். அமெரிக்காவின் கிரெசென்ட் கம்பெனி 1907-இல் ஜேம்ஸ்டவுனில் தொடங்கியது, அந்த ஊர்ப்பெயர் பொறித்தது கிடைத்தால் விடவே விடாதீர்கள்.

வீட்டில் மண்ணெண்ணெயில் ஒரு ராத்திரி ஊறப்போட்டு, திருகைக் கழற்றி, பித்தளை பிரஷால் தேயுங்கள். துரு பிடிவாதமாக இருந்தால் வினிகர், ஆனால் குரோம் பூச்சு உள்ளதை அதில் போடக் கூடாது. வினிகரில் போட்டதைச் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, உடனே துடைத்து எண்ணெய் தடவுங்கள், நம்ம ஊர்க் கடற்காற்றில் மறுநாளே துரு வந்துவிடும்.

கிரைண்டர் மட்டும் வேண்டவே வேண்டாம். எழுத்து அழிந்துவிட்டால் அதன் கதையும் போச்சு.